சியாமளி பிறந்த ஊர்

அம்பாசமுத்திரத்திலிருந்து விக்கிரமசிங்கபுரம் போகிற பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் இறங்கி, வாய்க்கால் பாலத்தைத் தாண்டினால் நமச்சிவாயத்தின் வீடு. அவர் மனைவி சியாமளி வங்காளத்துப் பெண் என்பது தெருவில் எல்லாருக்கும் தெரியும்; ஆனால் யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. வந்த புதிதில் ‘கல்கத்தாக்காரி’ என்றுதான் பேச்சு. இருபது வருஷத்தில் அந்தப் பெயர் தேய்ந்துவிட்டது. “என்ன அண்ணாச்சி, பால்ல தண்ணி ஊத்துதீயளா, தண்ணியில பால் ஊத்துதீயளா?” என்று அவள் பால்காரரிடம் கேட்கிற தோரணையைப் பார்த்தால், தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவள் என்றுதான் யாரும் சொல்வார்கள். ரேஷன் கார்டில் அவள் பெயரை சியாமளா என்று எழுதிவிட்டார்கள். அவள் திருத்தவில்லை. திருத்தப் போனால் நாலு கேள்வி கேட்பார்கள். கேள்வி கேட்கிற இடங்களுக்கு அவள் முடிந்தவரை போவதில்லை.

காரணம் இருந்தது. சியாமளி கல்கத்தாவில் பிறந்தவள் இல்லை. ரங்பூரில் பிறந்தவள். அவள் பிறந்தபோது அது கிழக்குப் பாகிஸ்தான். இப்போது பங்களாதேஷ்.

அவளுடைய அப்பா அங்கே பள்ளிக்கூட வாத்தியார். இளவயதில், உருதுதான் அரச மொழி என்று பாகிஸ்தான் சொன்னபோது வங்காளி மொழிக்காக ஊர்வலம் போய் அடிபட்டவர். மொழி ஒன்றென்றால் மனிதர்களும் ஒன்றுதான் என்று நம்பினவர். எழுபத்தொன்றில் பாகிஸ்தான் ராணுவம் ஊருக்குள் புகுந்தபோது இந்து முஸ்லிம் என்று பாராமல் தெருவே எழுந்து ஓடியது. இன்னும் நடக்கப் பழகாத சியாமளியை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் அம்மா எல்லை தாண்டி கூச்பிகாருக்கு வந்து சேர்ந்தாள். அந்த வருஷக் கடைசியில் வங்காளி மொழியின் பெயரிலேயே ஒரு நாடு பிறந்தது. அப்பா கண்ணீர் விட்டுச் சிரித்தாராம். உடனே கிளம்பி ஊரைப் பார்க்கப் போனார். அவர் வீட்டில் அவரிடம் படித்த மாணவன் ஒருவன் குடும்பத்தோடு குடியிருந்தான். “உட்காருங்க சார்” என்று மரியாதையாகச் சொல்லி, அம்மாவின் பித்தளை டம்ளரிலேயே டீ கொண்டுவந்து கொடுத்தான். அப்பா குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். அதற்கப்புறம் அவர் மொழியைப் பற்றிப் பேசி வீட்டில் யாரும் கேட்டதில்லை.

பிறகு கல்கத்தா. ஓடிவந்தவர்கள் சேர்ந்து குடிசை போட்ட காலனி. பள்ளியில் சேர்க்கும்போது பிறந்த ஊர் கல்கத்தா என்று அப்பா சொன்னார். அந்தக் காலனியில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் கல்கத்தாவில் பிறந்தார்கள். நகரத்து வங்காளிகள் ‘நான் போவேன்’ என்பதற்கு ‘ஆமி ஜாபோ’ என்பார்கள். அம்மாவின் ரங்பூர்ப் பேச்சில் அது ‘முய் ஜாய்ம்’. ‘எங்க வீடு’ என்பதை அம்மா ‘ஹாமார் பாரி’ என்பாள். கடையில், பஸ்ஸில் அப்படிப் பேசினால் ஆட்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அப்பா வீட்டுக்குள்ளும் அந்தப் பேச்சைத் தடுத்தார். அம்மா அடுப்படியில் மட்டும் பேசினாள். அதனால் சியாமளிக்கு இரண்டு வங்காளி வந்தது. ஒன்று வெளியே பேச, ஒன்று அடுப்படியில் பேச.

நமச்சிவாயம் கல்கத்தாவில் ஒரு தேயிலைக் கம்பெனியில் ஸ்டெனோ. அதே ஆபீசில் அவள் டைப்பிஸ்ட். கல்யாணம் என்றதும் ஊரில் அவர் அப்பா குமரகுருபரன் முடியாது என்றார். அவர் தமிழாசிரியர், அறுபத்தைந்தில் இந்தி எதிர்ப்புக்காகப் பாளையங்கோட்டை ஜெயிலில் இருந்தவர். பெண்ணின் தகப்பனார் தாய்மொழிக்காக அடிபட்டவர் என்று மகன் சொன்னபோது, “கூட்டிட்டு வா” என்றார். கடைசிவரை அவளைத் தாங்கினார். வருகிறவர்களிடமெல்லாம், “மொழிக்காக ஒரு நாட்டையே உண்டாக்குன கூட்டத்துப் பிள்ளை இவ” என்பார். சியாமளி தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விடுவாள். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். பித்தளை டம்ளரில் குடித்த டீயைப் பற்றி அந்த நல்ல மனிதரிடம் எப்படிச் சொல்வது?

பிறந்த ஊரை அவள் நமச்சிவாயத்திடம் மட்டும் சொல்லியிருந்தாள். கல்யாணத்துக்கு முன்னாலேயே. அவர், “இதை இனி யார்ட்டயும் சொல்லாண்டாம்” என்று சொன்னதோடு சரி. மகள் பிரியதர்ஷினிக்குக்கூடத் தெரியாது.

ரஃபிகுல் வந்தது போன புரட்டாசிக் கடைசியில்.

பிசானப் பருவத்து நெல் நடவுக்கு உள்ளூரில் ஆள் கிடைக்காமல், அரிசி மில் வைத்திருக்கும் அசன் மைதீன் வங்காளத்திலிருந்து ஒரு செட் ஆட்களை வரவழைத்தார். ஓடாமல் கிடந்த பழைய மில் குடோனில் அவர்களைத் தங்கவைத்தார். வரப்பில் கயிறு பிடித்து, பாட்டுப் படித்துக்கொண்டு, பின்னாலேயே நகர்ந்து அவர்கள் நடுகிற வேகத்தைப் பார்க்க ஜனம் கூடியது. ஒரு நாள் அம்பாசமுத்திரம் மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த சியாமளியின் முதுகுக்குப் பின்னால் யாரோ கூட்டாளியைப் பார்த்து, ‘கோன்டே?’ என்று கேட்டான். எங்கே என்று அர்த்தம். கல்கத்தாக்காரன் யாரும் அப்படிக் கேட்க மாட்டான். அம்மா செத்த பிறகு அந்த வார்த்தையை அவள் கேட்டதே இல்லை. யோசிக்காமல் திரும்பி, ‘எய்ட்டே’ என்றாள். இங்கே.

சேலை கட்டி, நெற்றியில் திருநீறு பூசிய ஒரு தமிழ்ப் பெண் வாயிலிருந்து தன் வீட்டுப் பேச்சு வந்ததைக் கேட்டு ரஃபிகுல் பையைக் கீழே வைத்துவிட்டான். முப்பது வயது இருக்கும். ஒல்லி. சிரித்தால் ஈறு தெரியும். “தீதி, நீங்க எந்த ஊரு?” என்று கேட்டான். அக்கா என்று கூப்பிட்டுக் கேட்டவனிடம் அவளால் மறைக்க முடியவில்லை. ரங்பூர் என்று சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் கத்தரிக்காயை மார்க்கெட்டிலேயே விட்டுவிட்டு வந்தது தெரிந்தது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மில்லுக்குப் போய்வர ஆரம்பித்தாள். நமச்சிவாயம் வீடு சுத்த சைவம். அவளும் மீனை விட்டு வெகுகாலமாயிற்று. குடோன் வாசலில் அவர்கள் ஆற்று மீனைக் கடுகு அரைத்துக் குழம்பு வைத்துக் கொடுத்தபோது மறுக்காமல் தின்றாள். வீடு திரும்பியதும் நமச்சிவாயம் மோந்து பார்த்தவர் மாதிரி நிமிர்ந்தார். பேப்பரைத் திருப்பிக்கொண்டார்.

ரஃபிகுல் தன் ஊர்க் கதையைச் சொன்னான். கூச்பிகார் மாவட்டத்தில் ஒரு கிராமம். நாலு பக்கமும் இந்தியா. நடுவில் அந்தக் கிராமம் மட்டும் தீவு மாதிரி பங்களாதேஷ். பழைய ராஜாக்கள் வைத்துவிட்டுப் போன துண்டுகள் அவை. இந்தியாவுக்குள்ளே அந்த நாட்டுத் துண்டும், அந்த நாட்டுக்குள்ளே இந்தியத் துண்டும். பள்ளிக்கூடம் கிடையாது, கரண்டு கிடையாது, ஆஸ்பத்திரிக்குப் போனால் பொய்ப் பெயர் சொல்ல வேண்டும். இரண்டாயிரத்துப் பதினைந்தில் இரண்டு நாடும் துண்டுகளை மாற்றிக்கொண்டன. “படுக்கும்போது பங்களாதேஷ்காரன் தீதி, முழிச்சப்ப இந்தியன். பாய் அதே பாய்தான்” என்று சிரித்தான். இந்திய அடையாளக் கார்டு கிடைத்ததும் தான் முதலில் செய்தது ஆஸ்பத்திரிக்குப் போய் உண்மைப் பெயரைச் சொன்னதுதான் என்றான். அவனுக்கு அதில் பெரிய கர்வம். சியாமளி அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இவனால் உண்மையைச் சொல்ல முடிகிறதே என்று பொறாமையாகக்கூட இருந்தது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. டிவியில் வடக்கே ஒவ்வொரு ஊராக வங்காளி பேசுகிற கூலிக்காரர்களைப் பிடித்துக் கொண்டுபோவதைக் காட்டினார்கள். நமச்சிவாயம் சேனலை மாற்றுவார். அவள் அடுப்படியில் நின்றபடியே கேட்டுக்கொண்டிருப்பாள். இங்கேயெல்லாம் அது வராது என்று தெருவில் சொன்னார்கள். ஒரு காலை அசன் மைதீன் குடையை மடக்கியபடி வாசலில் வந்து நின்றார்.

“அண்ணாச்சி, மதினி இருக்காவளா?”

“என்ன மைதீன், இந்த மழையில?”

“வெளியூர்ல இருந்து ஒரு போலீஸ் டீம் வந்திருக்கு. நம்ம நடவு ஆளுவளையெல்லாம் அள்ளிட்டுப் போயி பக்கத்து ஊரு சமுதாயக் கூடத்துல வச்சிருக்காவ. பயலுவளுக்குத் தமிழ் தெரியல. இந்தியும் அரைகுறை. அவாளுக்கு வங்காளி தெரியல. மதினி வந்து ரெண்டு வார்த்தை எடுத்துச் சொன்னா விட்டுருவாவ. நான் சொன்னா எடுபடாது. என் பேரைக் கேட்டதும், நீரு எப்படி இவங்களக் கூட்டியாந்தீருன்னு என்னையே திருப்புதாவ.”

நமச்சிவாயம் அவளைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை போகாதே என்றது. மைதீன் முன்னால் வாய் விட்டுச் சொல்லவில்லை. சியாமளி ஈரக்கையைச் சேலையில் துடைத்தாள்.

“வாரேன்” என்றாள்.

செருப்பு மாட்டும்போது நமச்சிவாயம் பக்கத்தில் வந்து, தாழ்ந்த குரலில், “உனக்கு எதுக்கு இது? போலீஸ் இருக்க இடத்துக்கு நீயா போய் நிக்கலாமா?” என்றார்.

“நான் போகலைன்னா அவங்க சொல்லுதது யாருக்குங்க புரியும்?”

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே வந்தார்.

சமுதாயக் கூடத்தில் ஆட்களைத் தரையில் வரிசையாக உட்காரவைத்திருந்தார்கள். எல்லாருடைய காலிலும் வயல் சேறு காய்ந்திருந்தது. போன்களைப் பிடுங்கி ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டிருந்தார்கள். வாளிக்குள் ஏதாவது ஒன்று அடித்துக்கொண்டே இருந்தது. மேஜைக்குப் பின்னால் ஓர் அதிகாரி. சீருடை இல்லை. மெட்ராஸ் பக்கத்துப் பேச்சு. நல்ல மரியாதையாகத்தான் பேசினார்.

“வாங்கம்மா. பங்களாதேஷ் பாஷை உங்களுக்குத் தெரியும்னு சொன்னாங்க.”

“அது வங்காளி சார். பங்களாதேஷ் பாஷைன்னு ஒண்ணு கிடையாது.”

“சரி, அதான். இவங்க பேசறதைக் கேட்டு, யார் இந்தப் பக்கம், யார் அந்தப் பக்கம்னு நீங்க சொன்னாப் போதும். வங்காளிக்கு வங்காளி தெரியாதா?”

அந்தக் கூடத்தில் எல்லைக்கு அந்தப் பக்கம் பிறந்த ஆள் அவள் ஒருத்திதான். அவளிடம்தான் பிரிக்கச் சொல்கிறார்கள்.

ஒவ்வொருவராக எழுப்பினார்கள். ஊர், அப்பா பெயர், பள்ளிக்கூடம் இருந்தால் பள்ளிக்கூடம். அவள் கேட்டாள், தமிழில் சொன்னாள். ஒருவன் தண்ணீரைப் ‘பானி’ என்றான். அதிகாரி நிமிர்ந்து, “பானின்னா பங்களாதேஷ்தானே? இந்த ஊர் வங்காளிங்க ஜல்னு சொல்வாங்கன்னு கேள்விப்பட்டேன்” என்றார்.

“இந்துங்க ஜல்னு சொல்லுவாங்க, முஸ்லிமுங்க பானின்னு சொல்லுவாங்க சார். ரெண்டு பக்கமும் அப்படித்தான்.” அவள் கொஞ்சம் யோசித்துச் சொன்னாள்: “நாகர்கோவில்காரவ பேச்சு ஒரு மாதிரி, நம்ம பேச்சு ஒரு மாதிரி. சிலோன்காரவளும் தமிழ்தான் பேசுதாவ. பேச்சை வச்சு நாட்டைப் பிரிக்க முடியுமா?”

“சிலோன்காரன் வாயைத் திறந்தா நான் கண்டுபிடிச்சிடுவேன்மா” என்றார் அவர். அடுத்தவனை எழுப்பச் சொன்னார்.

கடைசியில் ரஃபிகுல். அவன் பயப்படவில்லை. தீதியைப் பார்த்த தைரியத்தில் முகம் தெளிந்திருந்தது. எங்கே பிறந்தாய் என்று கேட்டபோது, தன் கிராமக் கதையை ஆரம்பத்திலிருந்து சொல்லப் போனான். முதல் வார்த்தையே அந்தத் தீவு பங்களாதேஷாக இருந்தது என்பது. சியாமளி அவனை மறித்தாள். அடுப்படிப் பேச்சில் வேகமாகச் சொன்னாள்: அதைச் சொல்லாதே, கூச்பிகார் என்று மட்டும் சொல், அதுவும் உண்மைதானே.

ரஃபிகுல் புரியாமல் பார்த்தான். “ஏன் தீதி மறைக்கணும்? சர்க்காரே கொடுத்த கார்டு இருக்கு. மறைச்சுப் பேசின காலமெல்லாம் போயிருச்சே.”

“என்ன பேசிக்கிறீங்க?” என்றார் அதிகாரி. “நான் கேட்டது ஒரு கேள்வி. நீங்க ரெண்டு பேரும் ரொம்ப நேரமா பேசறீங்க.”

அவள் வாயைத் திறக்குமுன் ரஃபிகுலே தனக்குத் தெரிந்த இந்தியில் நேராகச் சொல்லிவிட்டான். நான் பங்களாதேஷில் பிறந்தேன், இப்போது இந்தியன்.

அதிகாரிக்கு முதல் பாதி போதுமானதாக இருந்தது.

சியாமளி எடுத்துச் சொன்னாள். துண்டு நிலங்கள், ராஜாக்கள், ஒப்பந்தம், மாறிப்போன கிராமங்கள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது கட்டுக்கதை மாதிரி கேட்டது. இந்தியாவுக்கு நடுவே பங்களாதேஷ் இருந்தது என்றால் அம்பாசமுத்திரத்தில் யார் நம்புவார்கள்? கூட நின்ற போலீஸ்காரர் ஒருவர் சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவன் சொல்ல வந்ததை நீங்க தடுத்தீங்க, இல்லையா?”

“இல்லை சார்.”

“அவன் பேசற மாதிரியே நீங்களும் பேசினீங்க. மத்தவங்ககிட்ட வேற மாதிரி பேசினீங்க. உங்க சொந்த ஊர் எது?”

“கல்கத்தா.”

“பிறந்ததே அங்கதானா?”

நமச்சிவாயம் பின்னால் நின்று தொண்டையைக் கனைத்தார். கீழே உட்கார்ந்திருந்த ரஃபிகுலுக்குக் கல்கத்தா என்ற வார்த்தை மட்டும் புரிந்தது. அவள் ரங்பூர் என்று அவனிடம் சொல்லியிருக்கிறாள். அவன் அவளை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டான். உண்மையைச் சொன்னதில் கர்வப்பட்டவன், அவளுக்காக வாயை மூடிக்கொண்டான்.

“ஆமா சார்” என்றாள் சியாமளி.

சாயங்காலம் மற்ற எல்லாரையும் விட்டுவிட்டார்கள். ரஃபிகுலை மட்டும் விசாரிக்க வேண்டியிருக்கிறது என்று வேனில் ஏற்றினார்கள். ஏறும்போது, “வீட்டுல சொல்லிருங்க தீதி” என்று மனைவியின் நம்பரைச் சொன்னான். விடுபட்டவர்கள் குடோனுக்குப் போய் மூட்டை கட்டி, கூலி பாக்கியைக்கூட வாங்காமல் ரயிலேறிவிட்டார்கள். மைதீன் வயல் பாதி நட்டும் பாதி நடாமலும் கிடந்தது.

ரஃபிகுலின் மனைவி கூச்பிகாரிலிருந்து தினமும் கூப்பிட்டாள். எந்த ஜெயிலில் இருக்கிறார், சோறு போடுகிறார்களா, கார்டைக் காட்டியும் ஏன் விடவில்லை. சியாமளிக்கு ஒன்றும் தெரியவில்லை. மைதீன் திருநெல்வேலியில் விசாரித்ததில் இங்கே இல்லை என்றார்கள். பிறகு வடக்கே கொண்டுபோய்விட்டார்கள் என்றார்கள். கார்த்திகை பிறந்த பிறகு ஒரு மத்தியானம், அவள் ரசம் கூட்டிக்கொண்டிருக்கையில் ஒரு புது நம்பரிலிருந்து போன் வந்தது. முன்னால் இருந்த நாட்டு எண்ணே வேறாக இருந்தது.

ரஃபிகுல்தான். அஸ்ஸாம் பக்கம் கொண்டுபோய், எல்லையில் ஒரு காட்டோரம் இறக்கிவிட்டு, நேராக நட, திரும்பிப் பார்த்தால் சுடுவோம் என்றார்களாம். நடந்திருக்கிறான். அந்தப் பக்கத்துக் காவல்காரர்கள் பிடித்து, நீ எங்கள் ஆள் இல்லை என்று திட்டியிருக்கிறார்கள். இப்போது ஒரு மசூதியில் கிடக்கிறான். இரவல் போன்.

“எந்த ஊருல இருக்கே?” என்று கேட்டாள்.

“ரங்பூர் பக்கம்தான் தீதி. இங்கே எல்லாரும் நம்மள மாதிரியேதான் பேசறாங்க. ஆனா என்னை இந்தியாக்காரன்னு கூப்பிடறாங்க.”

அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். தன் மண்ணில் தனக்குப் பதிலாக அவனைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்ட மாதிரி இருந்தது. இரண்டு தடவை அவன் பேசினான். மூன்றாம் தடவை வருவதற்குள் ஏட்டு சுடலையாண்டி வந்துவிட்டார்.

சுடலையாண்டி உள்ளூர்க்காரர். குமரகுருபரனிடம் தமிழ் படித்தவர். எப்போது வந்தாலும் சைக்கிளை வாசலிலேயே சாய்த்துவிட்டுத் தண்ணீர் கேட்பார். அன்றைக்குத் தண்ணீர் கேட்கவில்லை.

“அக்கா, உங்க போனுக்குப் பங்களாதேஷ்ல இருந்து கால் வந்திருக்காம். அந்த டீம்காரவ கண்டுபிடிச்சிருக்காவ. திங்கக்கிழமை திருநெல்வேலிக்கு வரச் சொல்லுதாவ. பிறந்த சர்டிபிகேட் இருந்தா எடுத்துட்டு வாங்க. ஒண்ணும் இருக்காது. சும்மா கேப்பாவ.” சொல்லிவிட்டு நமச்சிவாயத்தைப் பார்க்காமல் கிளம்பினார்.

திங்கட்கிழமை இருவரும் பஸ்ஸில் போனார்கள். சேரன்மகாதேவியில் பஸ் நின்றபோது நமச்சிவாயம் மெதுவாகச் சொன்னார். “கல்கத்தான்னே சொல்லிரு. ஸ்கூல்ல அப்படித்தான இருக்கு.”

“அவன் உள்ளதைச் சொன்னான்.”

“சொல்லி என்ன ஆச்சு? பாத்தியா?”

“நான் கல்கத்தான்னு சொன்னப்ப அவன் வாயைத் திறக்கலைங்க. திறந்திருந்தா அன்னைக்கே என்னை நிப்பாட்டியிருப்பாவ. அவனுக்குத் துணைக்கு ஒரு ஆளு கிடைச்சிருக்கும்.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதே அதிகாரிதான். டீ வரவழைத்தார். மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார். எங்கே பிறந்தீர்கள்? அவள் வழி நெடுக எதைச் சொல்வது என்று முடிவு செய்யாமலேயே வந்திருந்தாள். வாய் தானாகச் சொல்லிற்று.

“ரங்பூர். அப்ப அது பாகிஸ்தான். கைக்குழந்தையா வந்தேன்.”

நமச்சிவாயம் கண்ணை மூடித் திறந்தார். அதிகாரி ஆச்சரியப்படவில்லை. பேனாவை மூடிவைத்துவிட்டு, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“நீங்க பயப்பட வேண்டாம்மா. நீங்க இந்து. அங்கிருந்து வந்த உங்களைப் போன்றவங்களுக்குன்னே சட்டம் வந்திருக்கு. எழுதிக் கொடுத்தா குடியுரிமை வந்துடும். நானே வழி சொல்றேன்.”

“அப்ப ரஃபிகுலு?”

“அவனுக்கு அந்தச் சட்டம் இல்லை.”

“அவன் இந்தியன் சார். நான்தான் இல்லை. நீங்க இல்லாதவளை வச்சுக்கிட்டு, உள்ளவனைக் கொண்டுபோய்த் தள்ளிட்டீங்களே.”

அவர் அதற்குக் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஒரு தாளை மேஜையில் தள்ளினார். ரஃபிகுல் பேசுவது பங்களாதேஷ் பேச்சு, தான் அந்த நாட்டுக்காரன் என்று அவனே என்னிடம் சொன்னான் என்று சியாமளி சொல்வதாக டைப் செய்திருந்தது. கீழே கையெழுத்துக்கு இடம். தாளின் மேலே கல்கத்தா ஹைகோர்ட் கேஸ் நம்பர் இருந்தது; ரஃபிகுலின் மனைவி அங்கே கேஸ் போட்டிருக்கிறாள் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

“இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. உங்க விஷயம் சுலபமா முடிஞ்சிடும்.”

“அவன் அப்படிச் சொல்லலையே.”

“பங்களாதேஷ்ல பிறந்தேன்னு சொன்னான். நானே கேட்டேன்.” நிறுத்திவிட்டு, சாதாரணமாகக் கேட்டார். “உங்க மக கோயமுத்தூர்ல படிக்குது, இல்ல? எந்த வருஷம் பிறந்தது?”

நமச்சிவாயம்தான் பதில் சொன்னார். “ரெண்டாயிரத்து அஞ்சு.”

“ரெண்டாயிரத்து நாலு கடைசிக்கு அப்புறம் இங்க பிறந்த பிள்ளைங்களுக்குச் சட்டம் வேற சார். அப்பா மட்டும் இந்தியரா இருந்தாப் போதாது. அம்மா எப்படி வந்தாங்கன்னும் பார்ப்பாங்க. அம்மா விஷயம் முடியற வரைக்கும் பொண்ணு விஷயமும் நிக்கும். பாஸ்போர்ட், வேலை, எல்லாம்தான். யோசிச்சுக்கோங்க.”

டீயில் ஆடை படிந்திருந்தது. நமச்சிவாயம் தாளை எடுத்துப் படித்தார். கல்கத்தாவிலும் இங்கேயுமாக முப்பது வருஷம் மற்றவர்கள் சொன்னதை ஒரு எழுத்துப் பிசகாமல் டைப் செய்து கொடுத்த மனிதர். படித்துவிட்டு, சியாமளியிடம் கொடுக்காமல் அதிகாரி பக்கமே திருப்பி வைத்தார்.

“நானும் அன்னைக்கு அங்கன நின்னேன் சார். இப்ப இந்தியன்னு அவன் சொன்ன மறுபாதி இதுல இல்லை” என்றார்.

சியாமளி அவரைப் பார்த்தாள். காலையில் பஸ்ஸில் பேசின ஆளா இது என்று இருந்தது. அவளுக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டாள்.

“கையெழுத்து வேண்டாம் சார்” என்றாள்.

அதிகாரி தாளை எடுத்துப் பத்திரமாக உள்ளே வைத்தார். “அவசரமில்லை. அடுத்த வாரம் வாங்க.”

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்தே மகளுக்குப் போன் செய்தாள். பிறந்த ஊரைச் சொன்னாள். பிரியதர்ஷினி, “இத்தனை வருஷமா ஏம்மா எங்கிட்டச் சொல்லல?” என்று மட்டும் கேட்டாள். போலீஸைப் பற்றியோ பாஸ்போர்ட்டைப் பற்றியோ அவள் கேட்கவே இல்லை. அதுதான் சியாமளிக்குத் தாங்க முடியாமல் போயிற்று.

விஷயம் தெருவுக்கு எப்படியோ வந்து சேர்ந்தது. கல்கத்தாக்காரி என்ற பழைய பெயர்கூடத் திரும்பி வரவில்லை. புதிதாக வேறொரு பெயரைச் சொன்னார்கள். அவள் வரும்போது நிறுத்திக்கொண்டார்கள். பால்காரர் பாலை ஊற்றிவிட்டு நிற்காமல் போனார். அசன் மைதீன் மட்டும் வழக்கம்போல வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார். பாதி நட்ட வயலை அவர் அப்படியே விட்டுவிட்டார். போகும்போது தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு போவார். ரஃபிகுலின் நம்பர் பிறகு ஒலிக்கவில்லை. இவள் கூப்பிட்டால் உபயோகத்தில் இல்லை என்று வங்காளியில் ஒரு பெண் குரல் சொல்லும். கல்கத்தா கேஸ் தள்ளித் தள்ளிப் போகிறது.

திங்கள்தோறும் சியாமளியும் நமச்சிவாயமும் திருநெல்வேலி போய்வருகிறார்கள். அதிகாரி அந்தத் தாளை ஒவ்வொரு தடவையும் மேஜையில் வைக்கிறார். ஒவ்வொரு தடவையும் அவள் வேண்டாம் என்கிறாள். குடியுரிமைக்கு எழுதிக் கொடுப்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. தன் மதத்தைச் சொல்லி உள்ளே வர அவளுக்கு மனம் ஒப்பவில்லை. மகளை நினைத்தால் ஒப்புகிறது.

போன திங்கட்கிழமை பிரியதர்ஷினியையும் கூட்டிவரச் சொல்லியிருந்தார்கள். மூவரும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பிரியதர்ஷினி அம்மாவின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு, அந்த ரங்பூர்ப் பேச்சில் ‘அம்மா’ என்பதற்கு என்ன சொல்வார்கள் என்று கேட்டாள். சியாமளி பதில் சொல்வதற்குள் கதவு திறந்து, மகளை மட்டும் தனியாக உள்ளே கூப்பிட்டார்கள். நமச்சிவாயம் கூடவே எழுந்தார். நீங்கள் இருங்கள் என்று கையைக் காட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.